நிரையும் நிரலும்: பல பரிமாண அணியிலிருந்து வேண்டிய பகுதியை எடுப்பது எப்படி?

வேலூர் மாவட்டத்தில் இன்று ஆறு வட்டங்கள் உள்ளன: வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு, கே.வி.குப்பம். இந்த ஆறு வட்டங்களிலும் ஜூன் முதல் டிசம்பர் வரையுள்ள ஏழு மாதங்களில் பெய்த மழையை ஓர் அட்டவணையாக எழுதினால், ஆறு நிரைகளிலும் ஏழு நிரல்களிலுமாக 42 எண்கள் அமையும். கணினி மொழிகளில் இத்தகைய அட்டவணைக்கு இருபரிமாண அணி என்று பெயர். கிடையாக ஓடுவது நிரை, நெடுக்காக இறங்குவது நிரல் என்று பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் படித்ததே இங்கும் செல்லும். அணியை உருவாக்குவதில் பெரிய சிக்கல் ஏதுமில்லை. அதிலிருந்து குடியாத்தத்தின் மழையை மட்டும், அல்லது நவம்பர் மாதத்தை மட்டும், அல்லது வடகிழக்குப் பருவமழைக்குரிய மூன்று மாதங்களை மட்டும் பிரித்தெடுக்கத் தொடங்கும்போதுதான், புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

அந்தத் தடுமாற்றத்துக்கு நான் அறிந்த மருந்து ஒன்றுதான். கட்டளையை எழுதியவுடன், அதை இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே, விடையாக வரப்போகும் அணிக்கு எத்தனை அச்சுகள் (நிரை, நிரல் என்பன போன்ற திசைகள்) இருக்கும், ஒவ்வோர் அச்சின் நீளம் என்ன என்பதைத் தாளில் எழுதிவிட வேண்டும். எந்த எண்கள் வரும் என்பது அதற்கு அடுத்த கேள்வி. வடிவத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு எண்கள் தாமே சரியாக வந்து சேரும். எண்களை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர், பத்துக் கட்டளைகள் தள்ளி, எங்கே பிசகியது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருப்பார்.

எடுத்துக்காட்டுகளைப் பைத்தான் மொழியிலும், அணிகளைக் கையாள அதற்கென உள்ள ஆயத்தக் கட்டளைத் தொகுப்பான நம்பை (NumPy) நூலகத்திலும் எழுதுகிறேன். நம்பைக்கு முன்பு பைத்தானில் நியூமெரிக் என்றும் நம்அர்ரே என்றும் இரண்டு அணி நூலகங்கள் தனித்தனியே புழங்கின. அவற்றை ஒன்றாக்கி டிராவிஸ் ஆலிஃபன்ட் உருவாக்கிய நம்பையின் 1.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், கீழே வரும் ‘மழை’ என்ற பெயரை அப்படியே தட்டச்சு செய்தாலும் புரோகிராம் ஓடும். நமது அணி இதுதான்:

மழை =
[[ 0,  1,  2,  3,  4,  5,  6],
 [10, 11, 12, 13, 14, 15, 16],
 [20, 21, 22, 23, 24, 25, 26],
 [30, 31, 32, 33, 34, 35, 36],
 [40, 41, 42, 43, 44, 45, 46],
 [50, 51, 52, 53, 54, 55, 56]]

இவை எந்த மழைமானியும் காட்டிய எண்கள் அல்ல. ஒவ்வோர் அறையிலும் அதன் முகவரியையே எண்ணாக இட்டிருக்கிறேன்: பத்தாமிடத்தில் இருப்பது நிரையின் எண், ஒன்றாமிடத்தில் இருப்பது நிரலின் எண். எதை எடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். அணிகளைப் பழகும் காலத்தில் இப்படி முகவரி எண்களை இட்டுக்கொள்வது, உண்மைத் தரவை வைத்துக்கொண்டு திணறுவதைவிடப் பல மடங்கு பயன் தருகிறது.

எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குகிறது. ஆகவே வேலூர் 0, காட்பாடி 1, குடியாத்தம் 2, அணைக்கட்டு 3, பேரணாம்பட்டு 4, கே.வி.குப்பம் 5, மாதங்களில் ஜூன் 0, டிசம்பர் 6. இந்த அணியின் வடிவத்தைக் கேட்டால் நம்பை (6, 7) என்று பதில் தரும்.

ஆறுக்கு ஆறாக அமைக்காமல் ஆறுக்கு ஏழாக அமைத்ததற்கும் காரணம் உண்டு. கரும்பலகையில் மூன்றுக்கு மூன்று என்று சதுர அணியைப் போட்டுப் பாடம் நடத்தும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. சதுர அணியில் நிரையையும் நிரலையும் மாற்றி எடுத்தாலும் விடையின் நீளம் மாறுவதில்லை. பிழை நடந்ததே தெரியாமல் மாணவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். நீள்சதுரத்தில் அந்தப் பிழை உடனே பல்லிளித்துவிடும்.

எண் கொடுத்தால் அச்சு மறையும்

ஒரே ஓர் அறையை எடுக்க, சதுர அடைப்புக்குள் நிரையின் எண்ணை முதலிலும் நிரலின் எண்ணை அடுத்தும் எழுதுகிறோம்.

மழை[2, 5] → 25

இது குடியாத்தத்தின் நவம்பர். எக்செல் பழகியவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்; எக்செல் அறையின் பெயரில் நிரலைக் குறிக்கும் எழுத்து முதலில் வந்து, நிரையின் எண் பின்னால் வரும். அணியில் வரிசை அதற்கு நேர்மாறு.

ஒரு முழு நிரை வேண்டுமானால், நிரலுக்குரிய இடத்தில் முக்காற்புள்ளி இடுகிறோம். தனியாக நிற்கும் முக்காற்புள்ளிக்கு, இந்த அச்சில் உள்ள அனைத்தும் வேண்டும் என்று பொருள்.

மழை[2, :] → [20, 21, 22, 23, 24, 25, 26]

கடைசியில் வரும் அச்சுகளுக்கு எதுவும் சொல்லாமல் விட்டால், அவற்றை முழுமையாகவே கேட்கிறோம் என்று நம்பை எடுத்துக்கொள்ளும். ஆதலால் மழை[2] என்று எழுதினாலும் இதே விடைதான். நிரலுக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் இடத்தில் முக்காற்புள்ளியை இட்டே ஆக வேண்டும்.

மழை[:, 5] → [5, 15, 25, 35, 45, 55]

இப்போது வடிவத்தைப் பார்ப்போம். முதல் கட்டளையில் இரண்டு இடங்களிலும் தனி எண் கொடுத்தோம். இரண்டு அச்சுகளும் மறைந்து வெறும் எண் கிடைத்தது. இரண்டாவதில் நிரையின் இடத்தில் மட்டும் எண் கொடுத்தோம். நிரை அச்சு மறைந்து, நிரல் அச்சின் நீளமான 7 மட்டும் எஞ்சியது. மூன்றாவதில் நிரல் அச்சு மறைந்து 6 எஞ்சியது. தனி எண் கொடுத்த அச்சு மறையும், முக்காற்புள்ளி கொடுத்த அச்சு நிற்கும். மேலே சொன்ன தாள்கணக்குக்கு இந்த ஒரு விதியே பெரும்பாலும் போதுமானது.

நவம்பர் நிரலை எடுத்துத் திரையில் காட்டும்போது, காட்பாடி, குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், நெட்டுக்க இருந்தது ஏன் சார் படுத்துக்கினு வருது?” மிக நியாயமான கேள்வி. அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த ஆறு எண்கள், விடையில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. உண்மையில் அவை படுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஓர் அச்சு மறைந்துவிட்டபின் எஞ்சுவது ஒருபரிமாண அணி. அதற்கு நெடுக்கு, கிடை என்ற வேறுபாடே கிடையாது. அதன் வடிவம் (6,) என்று ஒரே எண்ணால் குறிக்கப்படுகிறது. திரையில் எப்படியாவது அச்சிட்டாக வேண்டும் என்பதால் நம்பை அதை ஒரே வரியில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நிரல் நிரலாகவே வேண்டுமானால், அந்த அச்சு மறையாதபடி தனி எண்ணுக்குப் பதிலாக ஓரெண் நீளமுள்ள வீச்சை, அதாவது தொடக்கத்தையும் முடிவையும் சொல்லும் எண்சோடியைக் கொடுக்க வேண்டும் (முடிவெண் அதில் சேராது). மழை[:, 5:6] என்று எழுதினால் வடிவம் (6, 1) ஆகும். ஆறு எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மழை[:, [5]] என்றும் எழுதலாம்.

இந்த வேறுபாடு வெறும் தோற்றத்தைப் பற்றியது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு வட்டத்திலும் மற்ற மாதங்களின் மழை நவம்பர் மழையில் எத்தனை பங்கு என்று அறிய, முழு அணியையும் நவம்பர் நிரலால் வகுக்கிறோம் என்று கொள்வோம். மழை / மழை[:, 5] என்று எழுதினால் நம்பை பிழை காட்டி நின்றுவிடும். வடிவம் வேறான இரண்டு அணிகளைச் சேர்த்துக் கணக்கிடும்போது அது வடிவங்களை வலப்பக்க ஓரத்திலிருந்து ஒப்பிடுகிறது. (6, 7)இன் கடைசி எண் 7, (6,)இன் கடைசி எண் 6, இரண்டும் பொருந்தவில்லை. மழை / மழை[:, 5:6] என்று எழுதினால் 7க்கு எதிரே 1 நிற்கிறது. நீளம் 1 உள்ள அச்சை நம்பை வேண்டிய அளவுக்கு விரித்துக்கொள்ளும் என்பதால் வகுத்தல் சரியாக நடக்கும்.

பிழை காட்டி நின்றால் நல்லது. ஜூன் மாதத்தை நீக்கி, ஆறு வட்டம் ஆறு மாதம் என்று அணி சதுரமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தட்டையான நவம்பர் நிரலால் வகுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது. முதல் நிரலான ஜூலையில், ஆறு வட்டங்களின் மழையும் வேலூரின் நவம்பர் மழையால் வகுபடும். இரண்டாவது நிரலான ஆகஸ்டில் ஆறும் காட்பாடியின் நவம்பரால் வகுபடும். முப்பத்தாறு எண்கள் அழகாக அச்சாகும், ஆனால் மூலைவிட்டத்தில் இருப்பவை தவிர மற்றவற்றுக்குப் பொருளே இராது. சதுர அணியைக் கண்டு நான் அஞ்சுவது இதனால்தான்.

வீச்சு கொடுத்து வெட்டுதல்

வேலூர்ப் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. வானிலைத் துறை பருவங்களைப் பிரிப்பதும் இந்த மாதங்களின்படியே. நமது அணியை அவ்வாறே இரண்டாக வெட்டலாம்.

மழை[:, 0:4] → வடிவம் (6, 4)
மழை[:, 4:7] → வடிவம் (6, 3)

0:4 என்பதில் 0, 1, 2, 3 மட்டுமே அடங்கும், 4 அடங்காது. தொடக்க எண் உள்ளே, முடிவெண் வெளியே என்ற இந்த ஏற்பாடு முதலில் எரிச்சலூட்டும். ஆனால் இரண்டு வெட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் துண்டு எந்த எண்ணில் முடிகிறதோ அதே எண்ணில் இரண்டாவது தொடங்குகிறது. இடையில் மாதம் எதுவும் விடுபடவும் இல்லை, இருமுறை வரவும் இல்லை. துண்டின் நீளம் 4−0, 7−4 என்று நேரான கழித்தலாகவே கிடைக்கிறது, ஒன்றைக் கூட்டுவதா குறைப்பதா என்ற ஐயமே எழுவதில்லை. நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய சிறு குறிப்பொன்றில், எண்ணுவதைச் சுழியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இந்தக் காரணங்களையே காட்டி வாதிட்டார்.

தொடக்கத்தையோ முடிவையோ எழுதாமல் விட்டால், அந்த ஓரம் வரை என்று பொருள். ஆகவே மழை[:, :4], மழை[:, 4:] என்பனவும் அதே துண்டுகள்தாம். குறை எண்கள் கடைசியிலிருந்து எண்ணுகின்றன: மழை[-1] என்பது கே.வி.குப்பம், மழை[:, -1] டிசம்பர், மழை[:, -3:] கடைசி மூன்று மாதங்கள். மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்த்தால் அது தாவும் அளவு. மழை[:, ::2] ஒன்றுவிட்டு ஒரு மாதமாக நான்கு நிரல்களைத் தரும்.

தனி எண்ணுக்கும் வீச்சுக்கும் இன்னொரு குணவேறுபாடும் உண்டு. மழை[6] என்று கேட்டால், ஏழாவது வட்டம் இல்லை என்று நம்பை பிழை காட்டும். மழை[4:10] என்று கேட்டாலோ, இருக்கும் இரண்டு நிரைகளை மட்டும் தந்துவிட்டு வாய்மூடி இருந்துவிடும். ஆறு நிரை வரும் என்று நம்பிக் கணக்கைத் தொடர்பவர்களை இது பின்னால் கவிழ்க்கும்.

இவ்விடத்தில் மிகப் பரவலான ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். மழை[:][5] என்று எழுதினால் நவம்பர் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வருவது கே.வி.குப்பத்தின் நிரை. முதல் அடைப்பான [:] முழு அணியையும் அப்படியே தருகிறது. இரண்டாவது அடைப்பான [5] அந்த முழு அணியிலிருந்து ஐந்தாம் எண்ணுள்ள நிரையை எடுக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அடைப்புகள் அடுத்தடுத்த இரண்டு வேலைகள். ஒரே அடைப்புக்குள் காற்புள்ளி இட்டுப் பிரித்தால்தான் இரண்டு அச்சுகளையும் ஒருசேரப் பார்க்கும் ஒரே வேலை. பைத்தானின் சாதாரண லிஸ்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அட்டவணை அமைத்தவர்களுக்குக் காற்புள்ளி முறை கிடைக்காது. அங்கே மழை[2][5] என்றுதான் ஓர் அறையை அடைய முடியும். நிரலை எடுக்க ஒவ்வொரு நிரையாகச் சென்று பொறுக்கத்தான் வேண்டும்.

தொடர்ச்சியாக இல்லாதவற்றைப் பொறுக்குதல்

வேலூரும் குடியாத்தமும் கே.வி.குப்பமும் வேண்டும், நடுவில் உள்ளவை வேண்டாம் என்றால் வீச்சு உதவாது. எண்களை ஒரு லிஸ்டாகவே கொடுத்துவிடலாம்: மழை[[0, 2, 5], :]. இதன் வடிவம் (3, 7). லிஸ்டில் உள்ள வரிசைப்படியே நிரைகள் வரும், [5, 0, 2] என்று எழுதினால் வரிசை மாறும், [2, 2, 2] என்று எழுதினால் குடியாத்தமே மும்முறை வரும்.

ஒரு பக்கம் லிஸ்ட், மறுபக்கம் முக்காற்புள்ளி என்றவரை எல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கும். இரண்டு பக்கமும் லிஸ்ட் வைக்கும்போதுதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. வேலூர், குடியாத்தம் ஆகிய இரண்டு நிரைகளும் அக்டோபர், டிசம்பர் ஆகிய இரண்டு நிரல்களும் சந்திக்கும் நான்கு அறைகளை எதிர்பார்த்து இப்படி எழுதுகிறோம்:

மழை[[0, 2], [4, 6]] → [4, 26]

நான்கு வரவில்லை, இரண்டே வந்தன. முகவரி எண்களைப் பார்த்தால் நடந்தது விளங்கும்: 4 என்பது வேலூரின் அக்டோபர், 26 என்பது குடியாத்தத்தின் டிசம்பர். நம்பை இரண்டு லிஸ்டுகளையும் கோர்த்து, முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது என்று சோடி சேர்த்துத் தனித்தனி அறைகளாகப் பொறுக்கிவிட்டது. லிஸ்டுகளின் நீளம் 3, 2 என்று வேறுபட்டால் சோடி சேராமல் பிழை வரும். நீளம் ஒத்துப்போகும் நாளில் பிழையும் வராது, கேட்டதும் வராது.

சந்திக்கும் அறைகள் அனைத்தும் வேண்டுமானால் இரண்டு படியாக எடுப்பது எளிய வழி.

மழை[[0, 2], :][:, [4, 6]] → [[4, 6], [24, 26]]

முதல் படியில் (2, 7), இரண்டாம் படியில் (2, 2). இதையே ஒரே படியில் செய்ய, ஐ, எக்ஸ் என்ற இரண்டு எழுத்துகளோடு ஓர் அடிக்கோடும் சேர்ந்த பெயருடைய செயற்கூறு நம்பையில் உள்ளது. தொடங்குபவர்களுக்கு இரண்டு படி முறையையே பரிந்துரைப்பேன்; படிக்கும்போதே வடிவத்தைச் சொல்லிக்கொண்டு போக முடிகிறது. மேட்லேப், ஆர் ஆகிய மொழிகளிலிருந்து வருபவர்களே இங்கே அதிகம் குழம்புவார்கள், ஏனெனில் அவ்விரண்டிலும் இரண்டு பக்கமும் பட்டியல் கொடுத்தால் சந்திக்கும் அறைகள் அனைத்தும் கிடைக்கும்.

எண்ணைச் சொல்லாமல் நிபந்தனையைச் சொல்லியும் எடுக்கலாம். மழை[:, 5] > 30 என்று எழுதினால், ஆறு வட்டங்களுக்கும் ஆம், இல்லை என்ற ஆறு பதில்கள் கொண்ட அணி பிறக்கும். நமது எண்களில் முதல் மூன்றும் இல்லை, பின் மூன்றும் ஆம். அந்த அணியையே நிரையின் இடத்தில் வைத்தால், ஆம் என்ற நிரைகள் மட்டும் முழுதாக வரும்.

மழை[மழை[:, 5] > 30, :] → வடிவம் (3, 7)

நவம்பரில் 30க்கு மேல் பெய்த வட்டங்களின் ஏழு மாதக் கணக்கு என்று இதை வாய்விட்டுப் படிக்கலாம். மழை[மழை > 33] என்பது இதிலிருந்து வேறுபட்டது. இங்கே நிபந்தனை 42 அறைகளுக்கும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. தேறிய 17 எண்களும் (17,) என்ற தட்டையான வடிவில் வருகின்றன. ஒரு நிரையில் மூன்றும் இன்னொன்றில் ஏழுமாகத் தேறியவற்றை நீள்சதுரமாக அடுக்க இயலாதென்பதால் வேறு வழியும் இல்லை.

மூலமா, நகலா?

எடுத்த துண்டில் ஓர் எண்ணை மாற்றினால் மூல அணியும் மாறுமா? நம்பையில் இதற்கு இரண்டு பதில்கள் உள்ளன, எப்படி எடுத்தோம் என்பதைப் பொறுத்து.

பருவம் = மழை[:, 4:7]
பருவம்[0, 0] = 999

இவ்விரண்டு வரிகளுக்குப் பிறகு மழை[0, 4]ஐக் கேட்டால் 999 என்றே வரும். பருவம் என்பது புதிய அணி அல்ல; மூல அணியின் மேல் வைத்த ஒரு சாளரம். (சாளரத்துக்குள் எண்ணிக்கை மீண்டும் சுழியிலிருந்து தொடங்குவதையும் கவனிக்க, அங்கே அக்டோபரின் எண் 0.) அதே மூன்று மாதங்களை மழை[:, [4, 5, 6]] என்று லிஸ்டாக எடுத்திருந்தால் கிடைப்பது தனி நகல், அதில் என்ன மாற்றினாலும் மூலம் அசையாது. நிபந்தனை கொடுத்து எடுப்பதும் நகலே.

இந்த வேறுபாடு ஏன் என்பதை அறிய, நினைவகத்தில் அணி எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினியின் நினைவகத்துக்கு நிரையும் தெரியாது, நிரலும் தெரியாது. 42 எண்களும் ஒரே கோட்டில், நிரை நிரையாக, அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. நிரைக்கு ஏழு எண்கள் என்பதால், மழை[2, 5] கோட்டில் எங்கே இருக்கிறது என்று அறிய 2×7+5 என்று கணக்கிட்டு 19ஆம் இடத்துக்குப் போனால் போதும். ஒவ்வோர் எண்ணும் 8 பைட் என்றால், அடுத்த நிரலுக்கு 8 பைட் தாவ வேண்டும், அடுத்த நிரைக்கு 56 பைட் தாவ வேண்டும். நவம்பர் நிரல் முழுவதையும் குறிக்க, 5ஆம் இடத்தில் தொடங்கு, ஏழேழாகத் தாவு, ஆறு எண்கள் எடு என்ற மூன்று செய்திகள் போதும். எண்களைத் தொடவே வேண்டியதில்லை. ஒழுங்கான வீச்சு எதுவானாலும் இவ்வாறு தொடக்கமும் தாவலும் நீளமுமாகச் சொல்லிவிடலாம் என்பதால் நம்பை நகலெடுப்பதில்லை. [0, 2, 5] என்பது போன்ற லிஸ்டில் தாவல் சீராக இல்லை, எனவே எண்களைப் புதிய இடத்தில் எழுதுவதைத் தவிர வழியில்லை. [4, 5, 6] சீராகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். லிஸ்ட் என்று வந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று நம்பை ஆராய்வதில்லை, நகலெடுத்துவிடுகிறது.

மூலத்தைக் கெடுக்காமல் வேலை செய்ய வேண்டுமென்றால், துண்டை எடுத்தவுடன் காப்பி என்ற செயற்கூற்றை அழைத்து நகலாக்கிக்கொள்வது நல்லது. இதற்கு மறுபக்கமும் உண்டு: மழை[:, [4, 5, 6]] = 0 என்று சமக்குறியின் இடப்பக்கத்தில் லிஸ்டை வைத்தால் மூல அணியே மாறும், ஏனெனில் அங்கே எதையும் எடுக்கவில்லை, நேராக எழுதுகிறோம்.

ஐபிஎம் நிறுவனத்திலிருந்து 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியும், அதன் வழியில் மேட்லேப், ஆர் ஆகியவையும், எண்களை நிரல் நிரலாக நினைவகத்தில் வைக்கின்றன. அவற்றில் சுட்டெண் 1இலிருந்து தொடங்குவதே இயல்பு. சி மொழியும் நம்பையும் நிரல் நிரலாக அன்றி, நிரை நிரையாக வைப்பவை. மொழி மாறும்போது மிகக் கவனமாக இருக்க வேண்டியது குறை எண்களிடம்தான்: பைத்தானில் -1 என்பது கடைசி, ஆர் மொழியிலோ முதலாவதை மட்டும் விலக்கிவிட்டு மற்றதெல்லாம் கொடு என்று பொருள். பிழை எதுவும் வராமலே விடை முற்றிலும் மாறிவிடும்.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரையே சொல்லி எடுக்க விரும்புவோருக்குப் பாண்டாஸ் நூலகம் இருக்கிறது. அதில் லாக் என்பதன் வழியே ‘குடியாத்தம்’, ‘நவம்பர்’ என்று பெயர் சொல்லியும், ஐலாக் என்பதன் வழியே எண் சொல்லியும் எடுக்கலாம். ‘அக்டோபர்’ முதல் ‘டிசம்பர்’ வரை என்று லாக்கிடம் பெயரால் வீச்சு கொடுத்தால் டிசம்பரும் சேர்ந்தே வரும். எண்ணால் ஐலாக்கிடம் கொடுத்தால் முடிவெண் சேராது.

மூன்றாவது அச்சு

2019 நவம்பரில்தான் பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆகவே இந்த ஆறு வட்டக் கணக்கை 2020இலிருந்து தொடங்குவதே முறை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் மாவட்டப் பட்டியலில் நிரைகளின் எண்ணிக்கையே வேறாக இருக்கும், நிரைகளின் எண்ணிக்கை மாறும் அட்டவணைகளை ஒரே அணியில் அடுக்க முடியாது. 2020 முதல் 2024 வரை ஐந்து அட்டவணைகளை, ஒரு பேரேட்டின் ஐந்து பக்கங்களைப் போல அடுக்கினால், (5, 6, 7) என்ற வடிவமுள்ள முப்பரிமாண அணி கிடைக்கும். அதில் 210 எண்கள். அதையும் ‘மழை’ என்றே அழைப்போம். ஆண்டின் எண்ணை நூறாமிடத்தில் இட்டுக்கொள்வோம். 2023க்கு எண் 3 என்பதால், அவ்வாண்டு குடியாத்தத்தின் நவம்பர் 325.

விதி மாறவில்லை. மழை[3] என்றால் ஆண்டு அச்சு மறைந்து (6, 7), அதாவது 2023இன் முழுப் பக்கம். மழை[:, 2, :] என்றால் வட்ட அச்சு மறைந்து (5, 7), குடியாத்தத்தின் ஐந்தாண்டுக் கணக்கு. மழை[:, :, 5] என்றால் (5, 6), எல்லா ஆண்டுகளிலும் எல்லா வட்டங்களிலும் நவம்பர். இதை மழை[..., 5] என்று மூன்று புள்ளி இட்டும் எழுதலாம், விடுபட்ட அச்சுகள் அனைத்தையும் முழுமையாகக் கொள்க என்பது அதன் பொருள். மழை[:, 2, 5] என்றால் இரண்டு அச்சுகள் மறைந்து (5,) எஞ்சும்.

கூட்டும்போதும் இதே கணக்குதான். சம் என்ற செயற்கூற்றுக்கு எந்த அச்சின் எண்ணைக் கொடுக்கிறோமோ அந்த அச்சு மறையும். (5, 6, 7) வடிவத்தில் அச்சு 0ஐக் கொடுத்தால் ஆண்டுகள் கூட்டப்பட்டு (6, 7) வரும். அச்சு 2ஐக் கொடுத்தால் மாதங்கள் கூட்டப்பட்டு (5, 6) வரும். ‘அச்சு 0 என்றால் நிரைவாரியாகவா, நிரல்வாரியாகவா’ என்று மனப்பாடம் செய்ய முயல்பவர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பிக்கொண்டிருப்பார்கள். எது மறையும் என்று மட்டும் கேட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்த விதி வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2020இன் பக்கத்திலிருந்து அக்டோபரையும் டிசம்பரையும் எடுக்க மழை[0, :, [4, 6]] என்று எழுதினால், ஆண்டு மறைந்து (6, 2) வரும் என்றே தாளில் எழுதுவோம். நம்பை தருவது (2, 6). லிஸ்ட் கலந்த கட்டளையில் தனி எண்ணும் லிஸ்டோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. அவ்விரண்டுக்கும் நடுவே முக்காற்புள்ளி வந்து பிரித்துவிட்டால், லிஸ்டிலிருந்து பிறக்கும் அச்சை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய இயலாமல் நம்பை அதை முன்வரிசையில் வைத்துவிடுகிறது. மழை[0][:, [4, 6]] என்று முதலில் பக்கத்தை எடுத்து, பிறகு மாதங்களைப் பொறுக்கினால் (6, 2) என்றே கிடைக்கும்.